மதுரை – திருச்சி விமான நிலையங்கள்: வான்வழித் தொலைவும் பறக்கும் நேரமும்

மதுரை விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 123 கி.மீ.; கடல் மைலில் 66. பூமியின் வளைவை ஒட்டி இரு புள்ளிகளுக்கு இடையே போடக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. மதுரையிலிருந்து வடகிழக்காகப் போகும் இந்தக் கோடு, அழகர்மலையின் கிழக்கு ஓரத்தைத் தொட்டு, துவரங்குறிச்சி, விராலிமலை வட்டாரங்கள் வழியாகத் திருச்சியை அடைகிறது. நான்கு வழிச்சாலையும் பெரும்பாலும் இதை ஒட்டியே செல்கிறது. ரயில் பாதை அப்படியல்ல. அது மேற்கே வளைந்து திண்டுக்கல்லைத் தொட்டுத் திரும்புவதால் 150 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. திண்டுக்கல் சந்திப்பானது பழனி, கரூர் பாதைகள் அங்கே பிரிவதால்தான்.

பறக்கும் நேரம் தொலைவை வேகத்தால் வகுத்தால் கிடைத்துவிடும் என்று தோன்றும். மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்துக்கு அந்தக் கணக்கு 15 நிமிடம் காட்டும், 830 கி.மீ. வேக ஜெட் விமானத்துக்கு 9 நிமிடம். நடைமுறையில் இரண்டுமே பொய்த்துவிடும். ஜெட் விமானம் 35,000 அடி ஏறவே 20 நிமிடம் அளவுக்கு ஆகும். இங்கே உயரமும் முழு வேகமும் எட்டும் முன்பே இறங்க வேண்டியிருக்கும். அதோடு இரு நிலையங்களின் ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை (மதுரையில் 2,286 மீட்டர், திருச்சியில் 2,480 மீட்டர்). விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும். ஆடி மாதத்தில் மேல்காற்று பலமாக வீசும்போது மேற்கு நோக்கிக் கிளம்பி, பிறகு வடகிழக்காகத் திரும்ப வேண்டும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் சேர்ந்தால், கிளம்பி நிற்கும் வரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மதுரை – சென்னையிலும் இதே நிலைதான்: 417 கி.மீ. தொலைவை ஜெட் வேகத்தால் வகுத்தால் 30 நிமிடம். கால அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும்.

ரயில் பாதையில் இடையே வரும் திண்டுக்கல்லுக்கு விமான நிலையம் இல்லை; அங்குள்ளவர்கள் இந்த இரண்டில் ஒன்றையே நாட வேண்டும். திண்டுக்கல் ஊருக்குள் உள்ள நாகல் நகரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மதுரை நிலையம் சுமார் 60 கி.மீ., திருச்சி நிலையம் சுமார் 90 கி.மீ. சாலையில் முன்னதற்குக் கொடைரோடு, வாடிப்பட்டி வழியாக ஏறத்தாழ 75 கி.மீ.; பின்னதற்கு வடமதுரை, அய்யலூர், மணப்பாறை வழியாக 100 கி.மீ.க்குச் சற்று மேல். காரில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எதை நாடுவது என்பதை இந்த 30 கி.மீ. வேறுபாடு தீர்மானிப்பதில்லை. திருச்சி 2012இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர் பயணங்களில் அதன் கை நெடுநாளாக ஓங்கியிருக்கிறது. 2024இல் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது. மதுரையிலிருந்தும் கொழும்பு, துபாய் விமானங்கள் பறந்திருக்கின்றன. உள்நாட்டுப் பயணத்துக்கு மதுரை கைக்கு எட்டியது. வெளிநாட்டுக்கு நேரடி விமானம் திருச்சியில் இருக்குமானால், சாலையில் கூடுதலாகச் செலவாகும் அரை மணி நேரம், வேறொரு நகரில் இறங்கி மாறும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.