நெடுந்தீவுக் குதிரைகள்: சினைப்பெட்டைக்கு வேண்டியது தண்ணீர்

குதிரை இனவிருத்தியில் இறங்குபவர்கள் சினையான பெட்டைக் குதிரையைத் தேடி வாங்குவதுண்டு. ஒரே விலையில் பெட்டையும் கிடைக்கும், நல்லதோர் ஆண் குதிரையின் வழிவந்த குட்டியும் கிடைக்கும். ஆனால் வாங்குவது தொடக்கம் மட்டுமே. குட்டி நிலைக்குமா என்பதைப் பின்னர் கிடைக்கும் புல்லும் தண்ணீருமே தீர்மானிக்கின்றன. நெடுந்தீவின் வரலாறு இதற்குச் சாட்சி.

எமது கடலில் குதிரை பழைய வணிகப் பொருள். 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் உள்ளது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு மட்டுமே அரசுக்கு. ஏனைய வணிகக் கப்பல் என்றால் பாதி. குதிரை கொண்டுவருவோருக்கு அவ்வளவு சலுகை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, உயர்ந்த இனக் குதிரைகளைச் சேர்த்தாலும் அங்கே கோணற்கால் குட்டியே பிறக்கிறது என்று எழுதினார். ஆகவே ஆண்டுதோறும் புதிய குதிரைகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

நெடுந்தீவில் நிலைமை வேறாக இருந்தது. பரந்த புல்வெளி, நாற்புறமும் கடலே வேலி. போர்த்துக்கேயர் காலத்தில் விடப்பட்டவை எனக் கருதப்படும் குதிரைகளை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தொடர்ந்து பெருக்கினர். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லெப்டினன்ட் நோலன் தீவை நிர்வகித்தார். கல்லால் கட்டிய குதிரை லாயத்தின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. இனவிருத்தி நின்றபின் எஞ்சிய குதிரைகள் கட்டாக்காலிகளாகின. இன்று திரியும் மட்டக்குதிரைகள் அவற்றின் வழிவந்தவையே.

பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். பெரும்பாலும் ஒரு குட்டிதான். கருவின் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதங்களில் கூடுகிறது. குட்டி ஈன்றபின் பால் சுரப்பதற்குத் தண்ணீர்த் தேவை இன்னும் உயரும். நெடுந்தீவிலோ மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான். முருகைக்கல் நிலத்தடியில் உள்ள நீரின் பெரும்பகுதி உவர். கோடையில் குளங்கள் வற்றும்போது முதலில் மெலிவது சினைப்பெட்டையும் பால்கொடுக்கும் தாயும்தான். கடும் வரட்சி ஆண்டுகளில் குதிரைகள் இறந்துமுள்ளன.

சினைப்பெட்டை வாங்க விரும்புவோர் கால்நடை வைத்தியரைக் கொண்டு ஸ்கேன் செய்து சினையை உறுதிப்படுத்த வேண்டும். ஆண் குதிரையுடன் சேர்த்த திகதியை எழுத்தில் பெற வேண்டும். ஈனும் தறுவாயில் நெடும் பயணம் தவிர்க்க வேண்டும். நெடுந்தீவுக் குதிரைகளைப் பிடித்து விற்க எண்ணக்கூடாது. அவை வாழும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

அங்கே இனி வெளியிலிருந்து பெட்டை வாங்கத் தேவையில்லை. இருக்கும் பெட்டைகள் கோடையைக் கடந்தால் மந்தை தானாகவே பெருகும். தூர்ந்த குளங்களைத் துப்புரவாக்குவதும், வரட்சியில் தொட்டிகளில் நன்னீர் நிரப்புவதும் ஒரு குதிரையின் விலையை விடப் பயன் தரும்.