பத்து நாணயங்களில் தொடங்கிய இசைக்குழு



சில வாரங்களுக்கு முன்னர் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், மாணவர் இசைக்குழுவின் செலவு குறித்துப் பேச்சு எழுந்தது. “டீச்சர், மேளம் வாசித்தால் பிள்ளைக்குத் தேர்வில் புள்ளி கூடுமா? அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு கணித வகுப்புகள் வைக்கலாமே?” என்று ஒரு தந்தை கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தைத் தருபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. வீடு திரும்பிய பின்னர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இயங்கிவரும் ஹாலே சிம்பொனி இசைக்குழுவின் வரலாறு நினைவுக்கு வந்தது. அதனை இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் உலகின் பருத்தித் தலைநகராக விளங்கியது. நூற்பாலைகளின் புகைபோக்கிகளே அந்நகரின் அடையாளம். அங்கு இசை நிகழ்ச்சிகள் நடைபெறாமல் இல்லை. ஆனால் அந்நாளில் பெயர்பெற்றிருந்த ‘ஜென்டில்மென்ஸ் கான்சர்ட்ஸ்’ என்னும் சங்கத்தின் நிகழ்ச்சிகளோ சந்தா செலுத்திய செல்வர்களுக்கு மட்டுமே உரியவை. ஆலைத் தொழிலாளிக்கு அங்கு இடமில்லை.

இந்நகருக்கு 1848ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவர் சார்ல்ஸ் ஹாலே. 1819இல் ஜெர்மனியின் ஹாகன் நகரில் பிறந்த இவர், பாரிஸில் பியானோ கலைஞராகப் புகழ்பெற்றிருந்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சி அங்கு அவருடைய பிழைப்பைக் குலைக்கவே இங்கிலாந்துக்குப் புறப்பட்டு வந்தார். மேற்கூறிய சங்கத்தின் இசைப் பொறுப்பும் விரைவில் அவரிடம் வந்தது.

1857ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் மாபெரும் கலைப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. ஏறக்குறைய 13 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். அங்கு இசை வழங்குவதற்காக ஹாலே ஒரு பெரிய இசைக்குழுவைத் திரட்டினார். சந்தா கட்ட இயலாத எளிய மக்களும் அவ்விசையைக் கேட்டனர். பொருட்காட்சி அக்டோபரில் முடிவுற்றது. கலைஞர்கள் பிரிந்து செல்ல வேண்டிய நிலை. அரும்பாடுபட்டுப் பயிற்றுவித்த குழு கலைந்துபோவதை ஹாலேயால் ஏற்க இயலவில்லை. இலாபமோ நட்டமோ தம்மையே சாரட்டும் என்று துணிந்து, பொதுமக்களுக்கான வாராந்திர இசை நிகழ்ச்சிகளை அறிவித்தார். 1858ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ‘ஃப்ரீ டிரேட் ஹால்’ மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி அரங்கேறியது. எளியோரும் வாங்கக்கூடிய மலிவான இருக்கைகள் அங்கு இருந்தன.

அம்மண்டபம் நின்ற இடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஹாலே பிறந்த அதே 1819ஆம் ஆண்டில், வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பலர் உயிரிழந்த ‘பீட்டர்லூ’ திடல் அது. உரிமை கேட்டவர்கள் விரட்டப்பட்ட மண்ணில், சில பத்தாண்டுகள் கழித்து, கட்டணம் செலுத்தும் எவரும் அமர்ந்து இசை கேட்கலாம் என்னும் நிலை உருவாயிற்று.

தொடக்கத்தில் இருக்கைகள் பல காலியாகவே கிடந்தன. அப்பருவத்தின் 30 நிகழ்ச்சிகளும் முடிந்து கணக்குப் பார்த்தபோது, ஹாலேயின் கைக்கு வந்த இலாபம் பத்து மூன்று பென்னி நாணயங்களே! அதாவது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பென்னி. வணிகர் எனில் அன்றே கடையை மூடியிருப்பார். ஹாலே மூடவில்லை. 1895இல் மறையும்வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள் அக்குழுவை வழிநடத்தினார். 1893இல் மான்செஸ்டரில் ஓர் இசைக் கல்லூரி தோன்றவும் காரணமாக இருந்து, அதன் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். கலைஞர்களை வெளியூர்களிலிருந்து வரவழைப்பது மட்டும் போதாது, உள்ளூரிலேயே உருவாக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர் மறைந்தபோது குழுவும் மறைந்துவிடவில்லை. நகரின் வணிக நண்பர்கள் பொறுப்பேற்றுக் காத்தனர். புகழ்பெற்ற ஹான்ஸ் ரிக்டர் 1899இல் தலைமையேற்றார். எல்கரின் முதலாம் சிம்பொனி 1908ஆம் ஆண்டு டிசம்பரில் உலகிலேயே முதன்முதலாக ஒலித்தது இலண்டனில் அன்று. ஆலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டரில்!

பெரும் சோதனை இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. 1940 டிசம்பரில் குண்டுவீச்சுக்கு மண்டபம் இரையாயிற்று. இளம் கலைஞர்கள் பலர் போர்ப்படையில் இருந்தனர். 1943இல் நியூயார்க்கிலிருந்து ஜான் பார்பிரோலி தலைமையேற்க வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 30 பேரே. சில வாரங்களில் முதல் நிகழ்ச்சி. என்ன செய்வது? நாள்தோறும் தேர்வு நடத்தினார். பின்னணி எதுவாயினும், வாசிக்கத் தெரிந்தவர் எவரையும் சேர்த்துக்கொண்டார். முதன்மைப் புல்லாங்குழலை ஏந்தியவன் ஒரு பள்ளி மாணவன். ஹார்ன் கருவியை இசைத்தவர்களுள் ஒருவர் ஒரு பள்ளி ஆசிரியை. வட்டாரத்துப் பித்தளைக் கருவிக் குழுக்களிலிருந்தும் இராணுவ இசைக்குழுக்களிலிருந்தும் சிலர் வந்தனர். 1943 ஜூலையில் பிராட்ஃபோர்டு நகரில் புதிய குழு மேடையேறியது. மண்டபம் இல்லாத அந்நாள்களில் பெல் வியூ பூங்காவில் சர்க்கஸ் நடக்கும் அரங்கிலும் வாசித்தனர். பழைய மண்டபம் புதுப்பிக்கப்பட்டு 1951இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அம்மாணவனின் கையில் என்றோ ஒருவர் புல்லாங்குழலைக் கொடுத்திருக்கிறார். அவ்வாசிரியைக்கும் என்றோ ஒருவர் ஹார்ன் வாசிக்கக் கற்பித்திருக்கிறார். கற்பித்தவர்கள் எவரும் ஒரு போரையோ, கலையும் நிலையிலிருந்த இசைக்குழுவையோ எண்ணிக் கற்பித்திருக்க முடியாது. ஆயினும் தேவை வந்தபோது அக்கல்வி ஆயத்தமாக இருந்தது.

காலம் மாறியது. மான்செஸ்டரின் பருத்தித் தொழில் நலிந்து ஆலைகள் மூடப்பட்டன. இசைக்குழுவோ நிலைத்தது. 1996இல் பிரிட்ஜ்வாட்டர் மண்டபத்திற்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் கடும் பண நெருக்கடியையும் கடந்தது. 2000 முதல் 2024 வரை மார்க் எல்டர் தலைமையேற்ற காலத்தில் இளையோர் இசைக்குழுவும் சிறுவர் பாடற்குழுவும் உருவாயின. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த ஆன்கோட்ஸ் பகுதியின் பழைய தேவாலயம் ஒன்று சீரமைக்கப்பட்டு, 2013 முதல் அவர்களின் பயிற்சிக் கூடமாக விளங்குகிறது.

எல்டருக்குப் பின் 2024இல் தலைமை நடத்துநர் பொறுப்பை ஏற்றவர் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் பிறந்த காசுன் வோங். 2016இல் ஜெர்மனியில் நடைபெற்ற மாலர் இசை நடத்துநர் போட்டியில் வென்றவர். அவருடைய இசைப் பயணம் தொடங்கியது எங்குத் தெரியுமா? பள்ளியின் இசைக்குழுவில், கோர்னெட் என்னும் சிறிய ஊதுகருவியோடு!

இதனால் நம் பிள்ளைகள் அனைவரும் இசை நடத்துநர் ஆவர் என்று கூற வரவில்லை. பெரும்பாலோர் ஆகமாட்டார்கள். ஆனால் ஓர் ஊரின் இசை, செல்வர்களின் நன்கொடையால் மட்டும் வாழ்வதன்று. கேட்கத் தெரிந்த தொழிலாளியும், ஊதத் தெரிந்த மாணவனும், வாசிக்கத் தெரிந்த ஆசிரியையும் அவ்வூரில் இருந்தாக வேண்டும். அவர்கள் உருவாகும் இடம் பள்ளிதான்.

அடுத்த கூட்டத்தில் அத்தந்தையைச் சந்திக்கும்போது, “ஐயா, புள்ளி கூடுமா என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால் முதல் ஆண்டில் ஹாலேயின் கணக்கிலும் பத்து நாணயங்களே இருந்தன” என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். கணித வகுப்பும் நடக்கட்டும். சனிக்கிழமைக் காலையில் மேளச் சத்தமும் கேட்கட்டும்.

உங்கள் பள்ளியில் இசைக்குழு உண்டா? அதனை எவ்வாறு நடத்தி வருகிறீர்கள்? உங்கள் அனுபவங்களையும் அறிய ஆவலாய் உள்ளேன்.