நடந்து போகிற தூரம்

2021 டிசம்பர் 27. திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. சுவரில் விரிசல் ஓடுவதைப் பார்த்த ஜனங்கள் பதறிப்போய் வெளியே வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் 24 வீடுகள் மண்ணோடு மண்! நல்லவேளை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1990-களில் கட்டியது, முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை.

'மாடி வீடே வேணாம்ப்பா' என்று சொல்லத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பிறகு துறைமுகம் வளர்ந்தது, ஆலைகள் வந்தன. மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர், பட்டறைக்காரர்... எல்லோரும் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் குடிசை போட்டார்கள்.

1970-ல், கருணாநிதி ஆட்சியில், வாரியம் பிறந்தது. யோசனை ரொம்ப எளிமை. குடிசை இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி. லிஃப்ட் வேண்டாம். இடமும் மிச்சம், பிழைப்பும் போகாது.

அப்புறம் என்ன ஆச்சு? நகரத்துக்குள் நிலம் தங்கமாகிவிட்டது. 2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடுகள். ராயபுரத்திலிருந்து கண்ணகி நகர் 20 கிலோமீட்டருக்கும் மேல். விடிவதற்குள் காசிமேட்டில் மீன் எடுக்க வேண்டிய அம்மா அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? வீடு கிடைத்தது, பிழைப்பு போச்சு.

திருவொற்றியூரில் இடிந்தது கட்டடம்தான். 1970-ன் யோசனை இல்லை. பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் அங்கே குடியிருப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மாடி என்று அல்ல... 'இதே இடத்துலதானே?' என்றுதான்.