மருத்துவமனைசார் ஆயர்பணிப் பயிற்சி

நோயாளியின் படுக்கையருகே ஆன்மப் பராமரிப்பைக் கற்றுத்தரும் கிறித்தவ இறைப்பணிப் பயிற்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வொர்செஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் 1925இல் ஆன்டன் பாய்சன் இதைத் தொடங்கினார். தாமே மனநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர் அவர். இறையியல் மாணவர்கள் நூல்களைப் போலவே துன்புறும் மனிதர்களையும் படித்தறிய வேண்டும் என்றார். மருத்துவர் ரிச்சர்ட் கேபட் துணைநின்றார். பயிற்சியின் உயிர்நாடி உரையாடல் பதிவு. நோயாளியைச் சந்தித்துத் திரும்பும் மாணவர், இருவரும் பேசியதை, இடையே நிலவிய மௌனம் உட்பட, நினைவிலிருந்து எழுதி, சக மாணவர்கள், மேற்பார்வையாளர் முன் வாசிப்பார். எங்கே அவசரப்பட்டு ஜெபத்துக்குத் தாவினார், எந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தார் என்பதெல்லாம் அப்போது அம்பலமாகும். பிரசங்கம் செய்தே பழகியவர்களுக்கு இது சற்றுக் கசக்கும். இந்த உரையாடல் பதிவு முறையை வளர்த்தவர் ரஸ்ஸல் டிக்ஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இப்பயிற்சி உண்டு.