ஏப்ரல் கணக்கு பிறந்த கதை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வருடத்துக்கு இரண்டு சீசன். முதலாவது நவம்பரில் தொடங்கி, ஏப்ரல் முதல் வாரம் சாம்பியன் யார் என்று தெரிந்ததும் முடியும். இரண்டாவதில் பந்தே கிடையாது. வசந்தத்தில் ஆரம்பித்துக் கோடை வரை நீளும் அந்தச் சீசனில் ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். நம் அணியை விட்டு யார் போகிறார், எங்கிருந்து யார் வருகிறார், வருகிறவர் போன வருடம் எத்தனை நிமிடம் ஆடினார், எந்தத் தரத்து எதிரணிகளோடு ஆடினார், இன்னும் எத்தனை வருடம் ஆடத் தகுதி மிச்சம் என்று சாப்பாட்டு மேசையிலும் அலுவலகத்திலும் பேச்சு ஓடும். நவம்பரில் ஆடப்போகும் அணி ஏப்ரலிலேயே காகிதத்தில் ஆடத் தொடங்கிவிடும்.

இந்தப் பழக்கத்துக்குப் பிறந்த தேதி உண்டு: 2018 அக்டோபர் 15. என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டு அமைப்பின் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ செயல்பாட்டுக்கு வந்த நாள் அது. ஆனால் அதற்கு முன்னால் சில மாணவர்கள் பட்ட பாடு இருக்கிறது. அதைச் சொல்லாமல் தேதியை மட்டும் சொன்னால் கதை பாதியில் நின்றுவிடும்.

கான்சஸ் மாநிலத்தில் மன்ஹாட்டன் என்று ஒரு சிறு நகரம். கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2013இல் லெட்டிசியா ரொமேரோ என்ற பெண் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலிருந்து வந்து அங்கே சேர்ந்தார். முதல் வருடமே அணியின் முக்கிய ஆட்டக்காரர். அவரைத் தேடிப் பிடித்துச் சேர்த்த பயிற்சியாளர் டெப் பேட்டர்சனை 2014 மார்ச்சில் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியது. யாரை நம்பிக் கடல் கடந்து வந்தாரோ அவரே இல்லை என்றானபின் வேறு கல்லூரிக்குப் போக ரொமேரோ அனுமதி கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. மேல்முறையீடு செய்தார், அதுவும் எடுபடவில்லை.

அனுமதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? வேறு கல்லூரியின் பயிற்சியாளர் அவரோடு பேசவே கூடாது. மீறிப் போய்ச் சேர்ந்தாலும் முதல் வருடம் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. சொந்த நாட்டிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெண்ணுக்கு இதன் பொருள் எளிது: பணம் இருந்தால் போ, இல்லாவிட்டால் இரு. நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின, கண்டனம் குவிந்தது. அதன் பிறகுதான் அவரை விட்டார்கள். அவர் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் அணியில் அவரும் இருந்தார்.

இது ஒரு பல்கலைக்கழகத்தின் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. 2012இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து விலக நினைத்த ஜாரட் உத்தாஃப் என்ற இளைஞருக்குப் பயிற்சியாளர் போ ரயன் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்தார்: இந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் போகக் கூடாது. எதிர்ப்பு கிளம்பியதும் பட்டியல் சுருங்கியது. ஆனால் தங்கள் சொந்தக் கூட்டமைப்பான பிக் டென் கல்லூரிகள் மீதான தடை நீங்கவில்லை. உத்தாஃப் பிறந்து வளர்ந்தது அயோவா மாநிலத்தில். அயோவா பல்கலைக்கழகம் பிக் டென்னில் இருக்கிறது. அவர் ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

இதே காலத்தில் பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். கூடுதல் சம்பளம் தரும் கல்லூரி கூப்பிட்டால் ஒரே இரவில் கிளம்பிப் போவார்கள். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் புதிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை நம்பி வந்த மாணவர் கிளம்பினால், அனுமதி கிடைத்தாலும் ஒரு வருடம் ஆடாமல் ஓரமாக உட்கார வேண்டும். கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து உள்ளிட்ட ஐந்து விளையாட்டுகளுக்கு இந்த ஒரு வருட விதி பல பத்தாண்டுகளாக இருந்தது. படிப்பு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். டென்னிஸ் ஆடும் மாணவருக்கு மட்டும் படிப்பு எப்படிக் கெடாமல் இருக்கும் என்ற கேள்விக்கு நேரான பதில் இருந்ததில்லை. கூட்டம் சேரும் விளையாட்டு, காசு வரும் விளையாட்டு எதுவோ அங்கேதான் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. இந்த அநியாயம் இத்தனை காலம் நீடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

2018 ஜூனில் என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. இனி மாணவர் அனுமதி கேட்க வேண்டாம். போகிறேன் என்று எழுத்தில் தெரிவித்தால் போதும். தெரிவித்த இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அவருடைய பெயரை ஒரு பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றியாக வேண்டும். பெயர் ஏறியதும் எந்தப் பயிற்சியாளரும் அவரோடு பேசலாம். அந்தத் தரவுத்தளம்தான் போர்ட்டல். அலுவலகக் கோப்பு ஒன்றைக் கணினிக்கு மாற்றியதுபோல் சாதாரணமாகத்தான் அது தொடங்கியது. பயிற்சியாளரின் கையெழுத்துக்கு இருந்த அதிகாரம் அன்றோடு போனது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தரவுத்தளத்தை ரசிகர்கள் பார்க்க முடியாது. கல்லூரி அலுவலர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் மட்டும்தான் உள்ளே போக அனுமதி. வெளியே கசிவதை நிருபர்கள் எழுத, மாணவர்கள் தாங்களே அறிவிக்க, அதை வைத்து ரசிகர்கள் தங்களுக்கென்று ஒரு பட்டியலைத் தயாரித்துக்கொண்டார்கள். ஏப்ரல் கணக்கு இப்படித்தான் பொதுச் சொத்தாயிற்று.

பிறந்த குழந்தை ஓடத் தொடங்கியது 2021இல். ஒருமுறை மாறுகிற எவரும் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை, உடனே ஆடலாம் என்று அந்த ஏப்ரலில் விதி வந்தது. கொரோனா சீசன் யாருடைய தகுதி வருடக் கணக்கிலும் சேராது என்று முன்பே சொல்லியிருந்ததால், எல்லோருக்கும் கூடுதலாக ஒரு வருடம் கையில் இருந்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. மூன்றும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், இரண்டாவது முறை மாறுகிறவரை உட்காரவைப்பதற்கும் தடை போட்டது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ.யே இறங்கிவந்து, படிப்பில் தேர்ச்சி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றது. 2025 வசந்தத்தில் முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் இருக்கும் அணிகளே 360 சொச்சம்தான். மூன்றில் ஒருவருக்கும் மேல் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ரசிகர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? வரப்போகும் ஆட்டக்காரரின் எண்களைப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள், அதில் அனுபவமும் சேர்ந்திருக்கிறது. ஆட்டத்துக்குச் சராசரி 18 பாயிண்ட் என்றால் பழைய ரசிகர் சந்தோஷப்படுவார். இன்றைய ரசிகர் அடுத்த கேள்விக்குப் போவார். அணிக்குக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் இவர் கையில் முடிந்தது? சின்னக் கல்லூரியில் பந்து முழுக்க இவரிடமே இருந்ததால் வந்த 18ஆ, அளவாகக் கிடைத்த வாய்ப்பில் வந்த 18ஆ? மூன்று பாயிண்ட் எறிதலில் ஒரு சீசன் சதவீதத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். முயற்சிகள் குறைவு, அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். கூடவே யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் பார்ப்பார்கள், கையின் பக்குவம் அதில் தெரியும் என்பதால். கடைசியில் நிமிடக் கணக்கு வரும். ஓர் ஆட்டம் 40 நிமிடம், கோர்ட்டில் ஐந்து பேர், ஆக 200 நிமிடம். பட்டியலில் இருக்கும் பத்துப் பேருக்கும் தலைக்கு 30 நிமிடம் என்று மனசு பங்கு போடும்; 200ஐத் தாண்டவே முடியாது. பந்தும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு சில சமயம் அற்புதமாகப் பலிக்கும். டால்டன் நெக்ட் இரண்டு வருட ஜூனியர் கல்லூரியில் தொடங்கி நார்தர்ன் கொலராடோவில் ஆடியவர். 2023இல் டென்னஸிக்கு வந்தார். அங்கே எதிரணிகள் மலைபோல; இவருடைய சராசரி குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 20ஆக இருந்தது 21.7ஆக ஏறியது. டென்னஸி இருக்கும் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி மறுபடியும் அதே கான்சஸ் ஸ்டேட்டில்தான் நடக்கிறது. 2022 மார்ச்சில் ஜெரோம் டாங் அங்கே ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். பழைய அணியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மார்க்விஸ் நோவெல், உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், அவரே லிட்டில் ராக் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். மற்ற இடங்களைப் போர்ட்டலிலிருந்தும் ஜூனியர் கல்லூரியிலிருந்தும் டாங் நிரப்பினார். ஒரு காலத்தில் ஒரு பெண்ணைப் போகவிடாமல் தடுத்த பல்கலைக்கழகம், மற்ற கல்லூரிகள் தடுக்க முடியாமல் போனவர்களால் அணி கட்டியது.

வந்தவர்களில் பெரிய கேள்விக்குறி கியான்டே ஜான்சன். 2020 டிசம்பர் 12 அன்று புளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தபோது கோர்ட்டிலேயே சுருண்டு விழுந்தவர். கோமா நிலையில் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவர் ஆடவில்லை. அவருக்கு எந்த எண்ணைப் போடுவது? எந்தக் கணக்கிலும் அவர் அடங்கவில்லை. அப்போது பத்து அணிகள் கொண்டிருந்த பிக் 12 கூட்டமைப்பில் கான்சஸ் ஸ்டேட் கடைசி இடம் என்று சீசனுக்கு முன் கணித்தார்கள்.

2023 ஜனவரி 17. பரம எதிரியான கான்சஸ் பல்கலைக்கழகத்தோடு சொந்த ஊரில் ஆட்டம், கூடுதல் நேரம் வரை போனது. காற்றில் வந்த பந்தைப் பிடித்து ஜான்சன் வளையத்துக்குள் அறைந்தார். 83க்கு 82 என்று வெற்றி. மாணவர்கள் கோர்ட்டுக்குள் பாய்ந்தார்கள். டாங் மைக்கை வாங்கி, இப்படி ஓடிவருவது இந்த ஒருமுறைதான், இனி ஜெயிப்பது நமக்குச் சகஜமாக வேண்டும் என்றார்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. டோர்னமென்டில், மார்ச் 23 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். நோவெல் அந்த நகரத்தின் ஹார்லெம் பகுதிப் பையன். கணுக்கால் பிசகிய பிறகும் நொண்டிக்கொண்டே ஆடினார். கூடுதல் நேரத்தில் ஸ்கோர் சமம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்துப் பயிற்சியாளரோடு சண்டை போடுவதுபோல் ஏதோ சொன்னார். எதிரணியின் கண்ணும் அந்தப் பக்கம் போனது. அதே நொடியில் பந்தை வளையத்தருகே தூக்கிப் போட்டார். ஜான்சன் எழும்பி, முதுகை வளையத்துக்குக் காட்டியபடி பின்பக்கமாக உள்ளே அறைந்தார். அன்று நோவெலுக்கு 19 அசிஸ்ட், அதாவது சக ஆட்டக்காரரைக் கூடை போடவைத்த பாஸ்கள். என்.சி.ஏ.ஏ. டோர்னமென்டில் அதற்கு முன் யாரும் ஒரே ஆட்டத்தில் அத்தனை கொடுத்ததில்லை. கடைசி இடம் என்று கணிக்கப்பட்ட அணி, கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. சீசன் முடிவில் 26 வெற்றி, 10 தோல்வி.

அந்த வருடத்துக்குப் பிறகு எந்த ஊர் ரசிகரும் ஏப்ரலைச் சும்மா விடுவதில்லை. இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தே அங்கே அவ்வளவு தூரம் போனார்கள் என்றால் நம்மால் முடியாதா என்ற ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது.

ஆசைக்கு விலையும் உண்டு. 2024 கோடையில் அதே கான்சஸ் ஸ்டேட்டுக்கு இல்லினாயிலிருந்து கோல்மன் ஹாகின்ஸ் வந்தார். உயரமானவர், பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர். ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்திகள் வந்தன. காகிதத்தில் அணி பலமாக இருந்தது. சீசன் 16 வெற்றி, 17 தோல்வியில் முடிந்தது. கடைசி ஆட்டத்துக்குப் பின் ஹாகின்ஸ் நிருபர்கள் முன்னால் அழுதுவிட்டார். பணத்தைச் சொல்லிச் சொல்லி ஆட்டக்காரரை ஏசுவது இந்த ஏப்ரல் கணக்கின் அசிங்கமான பக்கம். ஓர் அணி தோற்றதன் பாரத்தை ஓர் இளைஞரின் தோளில் ஏற்றுவது தவறு. போர்ட்டலில் பெயர் கொடுக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இப்படியொரு ஒப்பந்தமும் இல்லை, ஏற்க ஒரு கல்லூரியும் இல்லை. பெயர் கொடுத்தால் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ள விதி இடம் தருகிறது. அவர்களைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை.

2025 ஏப்ரலில் புளோரிடா 65க்கு 63 என்று ஹூஸ்டனை வென்று சாம்பியனானது. தொடக்க ஐவரில், பந்தைக் கையாளும் ‘கார்டு’ இடத்தில் ஆடிய மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து, அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. 2023இல் கான்சஸ் ஸ்டேட்டைக் கடைசி எட்டில் வீழ்த்தி அனுப்பியது அந்தப் புளோரிடா அட்லாண்டிக்தான். ஆனால் மூவரில் மார்ட்டின் மட்டுமே அந்தச் சாம்பியன் சீசனுக்குப் புதிதாக வந்தவர். ரிச்சர்ட் 2022இல் வந்து மூன்று சீசன் இருந்தார்; கிளேட்டன் 2023இல் வந்து, முதல் வருடத்துக்குப் பின் கிளம்பாமல் இரண்டாவது வருடமும் ஆடினார்.

அதனால் விவரம் தெரிந்த ரசிகர்கள் இப்போது பட்டியலின் மேல்வரியை மாற்றிக்கொண்டார்கள். வருகிறவர் யார் என்பதற்கு முன்னால், போகலாம் என்றிருந்தும் போகாமல் இருக்கிறவர் யார் என்று எழுதுகிறார்கள். அந்த வரியில் மூன்று நல்ல பெயர்கள் இருந்தால், 200 நிமிடக் கணக்கின் மீதியை நிம்மதியாகப் போடலாம்.