பழைய டெஸ்க்டாப் சூடாகி அடிக்கடி ஆஃப் ஆகிறதா? 'போர்டு போச்சு' என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மே மாதம், வெளியே அக்னி நட்சத்திர வெயில். பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு பொறியியல் கவுன்சிலிங் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பத்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வாங்கிய டெஸ்க்டாப்பை ஆன் செய்கிறார்கள். பாதி விவரங்களை நிரப்புவதற்குள், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 'டப்'பென்று ஆஃப் ஆகிவிடுகிறது. உடனே மறுபடி ஆன் செய்தால் ஓரிரு நிமிடம்கூட தாங்குவதில்லை. அரை மணி நேரம் விட்டு ஆன் செய்தால் நன்றாக ஓடுகிறது. பிறகு மீண்டும் அதே கதை.

கடைக்கு எடுத்துச் சென்றால், சில இடங்களில் திறந்துகூட பார்க்காமல் பதில் வரும்: "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க." பல ஆயிரம் ரூபாய் செலவு என்றதும் குடும்பமே யோசனையில் விழும்.

ஆனால் இந்த அறிகுறிக்கு பெரும்பாலும் அர்த்தம் வேறு. கம்ப்யூட்டர் சாகவில்லை, சூட்டிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பல நேரங்களில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடக்கூடிய பிரச்னை இது. எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, செலவை எங்கே நிறுத்துவது? விரிவாகப் பார்க்கலாம்.

தானாக ஆஃப் ஆவது ஏன்?

முழுப் பெட்டியையும் 'சிபியு' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது, உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் பிராசசர் மட்டும்தான். பழைய பட்ஜெட் டெஸ்க்டாப்களில் அதிகம் இருக்கும் கோர் 2 டியோ, பென்டியம் டூயல் கோர், இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசசர்களில் பலவற்றின் வெப்ப அளவு 65 வாட்ஸ். அந்தக் காலத்து 60 வாட்ஸ் குண்டு பல்பின் சூடு, ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் உருவாவதாக நினைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சூட்டை வெளியேற்ற பிராசசர் மேல் ஒரு அலுமினிய ஹீட் சிங்க், அதற்கு மேல் ஒரு ஃபேன். பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்ப தெர்மல் பேஸ்ட். இந்த மூன்றில் ஒன்று தகராறு செய்தாலும் சூடு ஏறும்.

சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். 'சிஸ்டம் திடீர்னு ஸ்லோ ஆகுது' என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கும் அடங்காவிட்டால், கருகிப்போகாமல் இருக்க மின்சாரமே துண்டிக்கப்படும்.

கோடையில் இது அதிகமாவதற்கும் காரணம் உண்டு. ஹீட் சிங்க் அறையில் இருக்கும் காற்றைக் கொண்டுதான் குளிர வேண்டும். அறை 25 டிகிரியாக இருந்தபோது 75 டிகிரியில் ஓடிய பிராசசர், அதே வேலையை அறை 38 டிகிரியாக இருக்கும்போது செய்தால் 88 டிகிரியைத் தொடும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் சித்திரையில் மக்கர் செய்வது இதனால்தான்.

சூடுதான் காரணம் என்று உறுதி செய்வது எப்படி?

ஆன் செய்து சில நிமிடங்களில் ஆஃப் ஆகி, ஆறிய பிறகு மறுபடி ஓடினால் சூட்டின் மீதுதான் முதல் சந்தேகம். சூடோ குளிரோ, எந்த நேரத்திலும் ஆஃப் ஆனால், அல்லது ஒயரை அசைத்தால் ஆஃப் ஆனால், எஸ்எம்பிஎஸ் அல்லது பவர் கேபிளை சந்தேகப்பட வேண்டும். நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால் ரேம், ஹார்ட் டிஸ்க் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆன் செய்யும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் திரை வரும். அதில் ஹார்டுவேர் மானிட்டர் அல்லது பிசி ஹெல்த் என்ற பகுதியில் பிராசசரின் வெப்பநிலையும் ஃபேன் வேகமும் தெரியும். பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி 80, 90 டிகிரியைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். ஃபேன் வேகம் பூஜ்யம் என்று காட்டினால் குற்றவாளி அங்கேயே பிடிபட்டுவிடும்.

முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்

ரிப்பேரில் கை வைக்கும் முன் மார்க் ஷீட் ஸ்கேன், குடும்பப் போட்டோ, கடைக் கணக்கு போன்றவற்றை பென் டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும். போர்டு போனால் வேறு வாங்கலாம், போட்டோவை வாங்க முடியாது.

காப்பி ஆகும் வரைகூட கம்ப்யூட்டர் தாங்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, சாட்டா–யூஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைக்கலாம். டெஸ்க்டாப்பின் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை என்பதால், தனி பவர் அடாப்டருடன் வரும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

செலவில்லாத வைத்தியம்: தூசி தட்டுவது

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டைப் பாதிக்காமல் இருக்க இது உதவும்.

பக்கவாட்டு மூடியைத் திறந்தால் பல வீடுகளில் ஹீட் சிங்கே கண்ணுக்குத் தெரியாது, ஃபேனுக்குக் கீழே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்றே நுழைய முடியாவிட்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றியும் பயனில்லை. பெட்டியை வெளியே திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ எடுத்துச் சென்று, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் சுத்தம் செய்யலாம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். ஈரத்துணி கூடவே கூடாது.

பெட்டி இருக்கும் இடமும் முக்கியம். கம்ப்யூட்டர் டேபிளின் அடைத்த அறைக்குள், பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் வெளியே வந்த சூடான காற்றே மறுபடி உள்ளே போகும். பின்னால் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். மூடியைத் திறந்தே வைப்பது நல்ல தீர்வல்ல. தூசி இன்னும் வேகமாகச் சேரும், பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது எப்படி?

தூசி தட்டியும் சூடு குறையவில்லை என்றால் அடுத்து பேஸ்ட். வருடக்கணக்கில் ஆனதால் அது சுண்ணாம்பு போல் காய்ந்திருக்கும்.

இன்டெல்லின் சாதாரண ஹீட் சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். ஒவ்வொன்றையும் அதன் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஏஎம்டி போர்டுகளில் கிளிப்பும் நெம்புகோலும் இருக்கும். பழைய ஏஎம்டி போர்டுகளில் ஒரு ஆபத்தும் உண்டு: காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், அதன் பின்கள் வளைந்துவிடும். அதனால் சில நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்து பவர் கேபிளைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் ஹீட் சிங்க்கை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரு பக்கமும் துடைக்கலாம். ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பிராசசர் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட் போதும். ஹீட் சிங்க்கை அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும்.

திருப்பிய பின்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும். நான்கிலும் 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும். ஒரு பின் சரியாக உட்காராவிட்டாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், கம்ப்யூட்டர் முன்பைவிட சீக்கிரம் ஆஃப் ஆகும். ஃபேன் ஒயரை மறக்காமல் மதர்போர்டில் மாட்ட வேண்டும்.

பேஸ்ட்டுக்குப் பதில் டூத் பேஸ்ட் தடவும் வீடியோக்கள் இணையத்தில் சுற்றுகின்றன. ஈரம் இருக்கும் வரை அது வேலை செய்வது போலத் தெரியும். காய்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பும்.

ஃபேன் சத்தம் போட்டால்?

காலையில் கரகரவென்று சத்தம், தொட்டுவிட்டால்தான் சுற்றும் என்றால் பேரிங் வறண்டிருக்கிறது. சில ஃபேன்களில் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் கொஞ்ச காலம் ஓடும். தேங்காய் எண்ணெய் விடக்கூடாது, நாளடைவில் பிசினாகி ஃபேனையே நிறுத்திவிடும். எண்ணெய் தற்காலிகம்தான். அதே மாடலுக்குப் பொருந்தும் புது ஃபேன் மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய மாடல்களுக்கும் ஹீட் சிங்க்குடன் சேர்த்தே ஃபேன் கிடைக்கிறது. பழைய ஃபேனைக் கையோடு எடுத்துச் சென்றால் அளவு மாறாது.

ஆன் ஆகவே இல்லை என்றால்?

ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி மாட்டிப் பார்க்கலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் மாறிப்போனால், போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் பல இணையதளங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று காட்டும், விண்ணப்பப் பக்கமே திறக்காது. இதற்காக இன்டர்நெட் கம்பெனியிடம் சண்டை போட்டவர்களும் உண்டு. 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும்.

பிராசசரைச் சுற்றியுள்ள உருளை வடிவ கெபாசிட்டர்களையும் கவனிக்க வேண்டும். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, தொடர்ந்து பட்ட சூடு காரணமாக இருக்கலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையில் பொதுவான கணக்கு. அதே மைக்ரோஃபாரட் அளவில், 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டராக சால்டர் செய்து மாற்றலாம். இது அனுபவமுள்ள டெக்னீஷியன் செய்ய வேண்டிய வேலை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம்

பவர் கேபிள் நுழையும் அந்தத் தகரப் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதன் ஷாக் உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து தூசி ஊதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் ஃபேன் நின்றுவிட்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ மொத்தமாக மாற்றுவதுதான் சரி. ரொம்ப விலை குறைவாக இருக்கிறது என்று ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், தரமில்லாத எஸ்எம்பிஎஸ் போர்டையும் சேர்த்து காலி செய்யும்.

செலவை எங்கே நிறுத்துவது?

தூசி, பேஸ்ட், பேட்டரி வரை சில நூறு ரூபாய்தான், தயங்காமல் செய்யலாம். ஃபேன், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும் என்றால் இரண்டு கடையில் விலை கேட்க வேண்டும். மொத்தச் செலவு, அதே தரத்தில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். பழைய டிடிஆர்2 போர்டு உண்மையிலேயே போயிருந்தால், அதற்கு இன்னொரு பழைய போர்டைத் தேடி வாங்குவது லாபமில்லை.

இன்னொரு விஷயம், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. இந்தப் பழைய பிராசசர்கள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. சரிசெய்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் பிரவுசிங், டைப்பிங், ஆன்லைன் வகுப்பு போன்ற வேலைகளுக்குப் போதும்.

வேலை முடிந்ததும் பயாஸ் திரையில் அரை மணி நேரம் விட்டு வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் ஏறி நின்றுவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நம்பலாம். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, வெயில் தொடங்கும் முன் தூசி தட்டினால் போதும்.

விண்ணப்பக் கடைசி தேதி நெருங்கிவிட்டால் மட்டும் ரிப்பேரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பொறியியல் சேர்க்கைக்கான உதவி மையத்துக்கு நேரில் போய் விண்ணப்பத்தை முடித்துவிடலாம். கம்ப்யூட்டரை அடுத்த வாரம்கூட சரிசெய்துகொள்ளலாம்.