திரை அணைந்தால் ஆலை நிற்கலாமா?

நம் பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சர்ச்சை நிச்சயம். "யூனிக்ஸ் மாதிரி வருமா சார்?" என்பார் ஒருவர். "விண்டோஸ் இல்லாமல் எந்தக் கண்ட்ரோல் ரூம் ஓடுது, சொல்லுங்க பார்ப்போம்" என்பார் இன்னொருவர். பெருங்குடி தொழிற்பேட்டையில் பேனல் கட்டியவர்களும், பக்கத்திலேயே ராஜீவ் காந்தி சாலையில் மென்பொருள் எழுதுகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே இந்தச் சர்ச்சையின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது இரு சாராருக்கும் பயன்படும்.

1975-ல் ஹனிவெல் நிறுவனம் டி.டி.சி. 2000 என்ற அமைப்பையும், ஜப்பானின் யோகோகாவா சென்டம் என்ற அமைப்பையும் வெளியிட்டன. டி.சி.எஸ். என்று நாம் வகுப்பில் படித்தது இதிலிருந்துதான் தொடங்கியது. அதன் தத்துவம் எளிமையானது. வால்வை ஆளும் வேலை ஆலைக்குள் பிரித்து வைத்த சிறு கண்ட்ரோலர்களுக்கு. ஆபரேட்டர் முன்னால் இருக்கும் திரை வெறும் ஜன்னல். ஜன்னல் மூடிக்கொண்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் அல்லவா, அதுபோலத்தான்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ்., பிறகு யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்கள் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, மாதக்கணக்கில் ரீபூட் இல்லாமல் ஓடும். ஆனால் விலை யானை விலை. உதிரி பாகத்துக்கும் இன்ஜினியருக்கும் கம்பெனியையே நம்பிக் கிடக்க வேண்டும்.

1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் டேவிட் கட்லர், வி.எம்.எஸ்.-ஐ உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1998-ல் யோகோகாவாவே சென்டம் சி.எஸ். 3000-ஐ என்.டி.-யின் மேல் கொண்டுவந்தது. மலிவான பி.சி., எல்லோருக்கும் பழகிய திரை. யார் வேண்டாம் என்பார்கள்?

இங்கே ஒரு வித்தியாசத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 95 வேறு, என்.டி. வேறு. முன்னதில் ஒரு புரோகிராம் தடுமாறினால் மொத்த மெஷினும் படுத்துவிடக்கூடும். அது மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் கணக்கு 49.7 நாளில் நிரம்பிவிடும், மெஷின் உறைந்துவிடும். இந்தக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்ததே 1999-ல்தான். அத்தனை நாள் தொடர்ந்து அதை ஓடவிட்டவர்கள் குறைவு என்பதுதான் வேடிக்கை!

என்.டி. இன்னும் உறுதியானது. ஆனாலும் 1997 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒருவர் டேட்டாபேஸில் சைபரைப் பதிவு செய்ய, சைபரால் வகுக்கப்போய் உந்துவிசையே செயலிழந்தது. குற்றம் என்.டி.-யுடையதா, அதன்மேல் ஓடிய புரோகிராமுடையதா என்று நெடுநாள் வாதாடினார்கள். நான் கேட்பது வேறு. ஒரு கம்ப்யூட்டர் தவறினால் எஞ்சின் ஏன் நிற்க வேண்டும்? 1975-ன் தத்துவம் அங்கே மறந்துபோயிற்று.

2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு ஓஹையோவின் டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்துக்குள் நுழைந்து, பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரையைச் சுமார் ஐந்து மணி நேரம் முடக்கியது. உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. பழைய அனலாக் கருவிகளை அந்தப் புழு தொடவே முடியவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது, நம் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் கார் ஆலையின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. இரண்டு புழுக்களும் நுழைந்த ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே பேட்ச் கொடுத்திருந்தது. முதலாவதற்கு ஆறு மாதம் முன்பு, இரண்டாவதற்கு இரண்டு மாதம் முன்பு.

பேட்ச் ஏன் போடவில்லை என்று கேட்பது சுலபம். பேட்ச் மாதாமாதம் வரும்; பல ஆலைகளுக்கு ஷட்டவுன் வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆலையின் ஆயுசு 25, 30 வருஷம். 2001-ல் வந்த எக்ஸ்பி-க்கு ஆதரவு 2014-ல் முடிந்தது. அவசரமாகப் போட்டாலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் ஒன்றே சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கையால் எழுதத் தெரிந்திருந்ததால் விமானம் பறந்தது!

ஆக, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் உசத்தி என்பது பாதிக் கேள்விதான். நாளை கண்ட்ரோல் ரூமுக்குள் கால் வைக்கப்போகும் தம்பி தங்கைகள் கமிஷனிங் அன்றே கேட்க வேண்டியவை இவை: திரையை அணைத்தால் வால்வு என்ன செய்யும்? ஹார்ட் டிஸ்க் போனால் மாற்று டிஸ்க் தயாராக இருக்கிறதா? பேட்சை முதலில் சோதித்துப் பார்க்கத் தனி மெஷின் உண்டா? ராத்திரி ஷிப்டில் கையால் ஓட்டத் தெரிந்தவர் யார்?

இவற்றுக்குப் பதில் கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மேலாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

— முன்னாள் மாணவர், கருவியியல் துறை